தலைமுறைச் சாபம் என்ற பயமும் மத்தேயு முதல் அதிகாரமும்

என் தாத்தா குடித்தார், அப்பாவும் குடித்தார், இரண்டு பேரையும் குடிதான் கொண்டுபோனது. இதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா நல்ல மனிதர், குடிக்காத நாட்களில் எங்களுக்குச் சங்கீதங்களை வாசித்துக் காட்டியவரும் அவர்தான். இரண்டும் உண்மை.

அப்பா போன பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தில், வயதில் மூத்த, எங்கள்மேல் நிஜமாகவே அக்கறை உள்ள ஒருவர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "உங்கள் வம்சத்தில் ஒரு கட்டு இருக்கிறது, அதை உடைக்காவிட்டால் உங்கள் மகன்வரைக்கும் வரும்" என்றார். முன்னோரின் பாவம் பிள்ளைகளையும் தொடரும் என்கிற தலைமுறைச் சாபத்தைத்தான் கட்டு என்றார். அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பையன் ஒரு கதவை அறைந்து சாத்தினால்கூட எனக்குள் ஒரு நடுக்கம், சொந்தக்காரர்கள் யாராவது "அப்படியே தாத்தா மாதிரி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டால் அன்று இரவு தூக்கம் இல்லை. இந்தப் பயத்தோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எங்கள் வேதபாடக் குழுவை நடத்த ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. சிலருக்கு அது குடி, சிலருக்குத் தற்கொலை, சிலருக்கு உடைந்த திருமணங்கள், சிலருக்குப் பெயர் சொல்ல முடியாத வேறு ஏதோ. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், எனக்கு எந்த வசனங்கள் உதவின, நடைமுறையில் என்ன செய்தேன் என்று.

முதலில் அந்தப் பயத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனத்துக்கே போனேன். யாத்திராகமம் 20:5. பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" விசாரிக்கிறவர் என்று அதில் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த வசனத்திலேயே "என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து" என்றும் இருக்கிறது. அடுத்த வசனத்தில் வாக்கியம் தொடர்கிறது: தம்மிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு "ஆயிரம் தலைமுறைமட்டும்" இரக்கஞ்செய்கிறவர். ஒரு பக்கம் மூன்று, நான்கு. இன்னொரு பக்கம் ஆயிரம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர் எதை அழுத்திச் சொல்ல வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒரு குடும்பத்தின் தலைமேல் வைப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். யாராவது உங்களிடம் சாபம் என்று ஒரு வசனத்தைக் காட்டினால், கோபப்படாமல், "அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கலாமா" என்று கேளுங்கள். எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

அப்புறம் எசேக்கியேல் 18. இந்த அதிகாரத்தை நான் சத்தமாக, மெதுவாக, ஒரே அமர்வில் வாசித்தேன், நீங்களும் அப்படி வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னணி இதுதான்: கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களோடு எசேக்கியேலும் போனார். அந்தச் சிறையிருப்பு ஜனங்கள் நடுவில் ஒரு பழமொழி ஓடிக்கொண்டிருந்தது: "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின." அதாவது, முன்னோர் செய்த பாவத்துக்கு நாங்கள் அனுபவிக்கிறோம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்ற ஆற்றாமை. தேவன் அந்தப் பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்கிறார். எரேமியாவிலும், 31-ஆம் அதிகாரத்தில், இதே பழமொழியும் அது முடிவுக்கு வரும் என்ற அறிவிப்பும் இருக்கிறது. ஒருவர் எருசலேமில், ஒருவர் பாபிலோனில், இரண்டு பேர் வாயிலும் ஒரே மறுப்பு.

எசேக்கியேல் 18 ஒரு குடும்பத்தை மூன்று தலைமுறையாக நிறுத்திப் பேசுகிறது. நீதியுள்ள ஒரு மனிதன், அவனுக்குப் பிறக்கும் கொடியவனான மகன், அந்த மகனுக்குப் பிறக்கும் பேரன். அந்தப் பேரன் தன் தகப்பன் செய்த பாவங்களையெல்லாம் கண்டும் அவற்றைச் செய்யாமல் இருக்கிறான் என்று 14-ஆம் வசனத்தில் வருகிறது. இங்கேதான் நான் நிறைய நேரம் நின்றேன். அவன் கண்டான். குடும்பத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அவன் பாசாங்கு செய்யவில்லை, தகப்பனை மறைத்துவைக்கவும் இல்லை. பார்த்தான், பார்த்துவிட்டு வேறு வழியில் நடந்தான். 20-ஆம் வசனம் தீர்ப்பாகவே வருகிறது: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." பயத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு அதிகாரம் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் எனக்குள் இருந்த கட்டு உண்மையில் அவிழ்ந்தது கோராகின் பிள்ளைகளால். கோராகைத் தெரியும் அல்லவா? எண்ணாகமம் 16-இல் மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக எழும்பியவன், அவனைச் சேர்ந்தவர்களைப் பூமி வாயைத் திறந்து விழுங்கியது. அந்த அதிகாரத்தில் மோசே ஜனங்களிடம் இந்தத் துன்மார்க்கரின் கூடாரங்களைவிட்டு விலகிப் போங்கள் என்று கத்துகிறார். வம்சக் கட்டு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அது இந்த வீட்டில்தானே இருக்க வேண்டும். பத்து அதிகாரம் தள்ளி, எண்ணாகமம் 26-இல், மக்கள் தொகையை எண்ணிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு சின்ன வரி வருகிறது: கோராகின் குமாரரோ சாகவில்லை. அவ்வளவுதான், விளக்கம் கிடையாது, பட்டியல் தொடர்கிறது.

அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நாளாகமத்தைப் புரட்டிப் பாருங்கள். 1 நாளாகமம் 9-இலும் 26-இலும் ஆலய வாசலைக் காக்கிறவர்களின் வரிசையில் கோராகின் வம்சத்தார் இருக்கிறார்கள். சங்கீத புத்தகத்தில் 42, 46, 84 உட்படப் பல சங்கீதங்களின் தலைப்பில் கோராகின் புத்திரர் என்று இருக்கிறது. "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று நாம் துக்கத்தில் ஓடிப்போய்ப் பற்றிக்கொள்கிற சங்கீதம் அந்த வீட்டிலிருந்து வந்தது. 84:10-ஐ வாசியுங்கள்: "ஆகாமியக் கூடாரங்களில் வாசமாயிருப்பதைப்பார்க்கிலும், என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்." ஆகாமியம் என்றால் துன்மார்க்கம். கூடாரம் என்ற வார்த்தையை அவர்கள் பாடும்போது தங்கள் முப்பாட்டனின் கூடாரம் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? பூமி விழுங்கிய கூடாரம் அது. வாசற்படி அவர்களுடைய வேலை செய்யும் இடம். இதை முதன்முதலில் சேர்த்துப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். அப்பா எனக்கு வாசித்துக் காட்டிய சங்கீதங்களில் 84-ம் ஒன்று.

சரி, மத்தேயு முதல் அதிகாரத்துக்கு வருகிறேன். இயேசுவின் வம்ச அட்டவணை அது. புதிய ஏற்பாட்டைத் திறந்ததும் வரும் முதல் பக்கம், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் பக்கமும் அதுதான். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று நான்கு பெண்கள் அதில் வருவதைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைக் கொல்லவும் வைத்தவர் தாவீது ராஜா. அந்தப் பாவத்தை மூடி மறைக்க வேண்டும் என்று மத்தேயு நினைத்திருந்தால் "பத்சேபாள்" என்று எழுதியிருக்கலாம், அல்லது மற்ற ராஜாக்களுக்குச் செய்ததுபோலத் தாயின் பெயரையே விட்டிருக்கலாம். அவர் உரியாவின் பெயரை உள்ளே கொண்டுவருகிறார். கொல்லப்பட்டவனின் பெயர் இரட்சகரின் வம்ச அட்டவணையில் நிற்கிறது. குடும்பத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த அநியாயத்தை "குடும்ப மானம்" என்று சொல்லி மூடுகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்த வசனத்தை வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கிருபை இருக்கிறது என்பதற்காகப் பாதிக்கப்பட்டவரின் பெயரை அழிக்கக் கூடாது.

அடுத்து ராஜாக்களின் வரிசை. "ஆகாஸ் எசேக்கியாவைப் பெற்றான், எசேக்கியா மனாசேயைப் பெற்றான், மனாசே ஆமோனைப் பெற்றான், ஆமோன் யோசியாவைப் பெற்றான்." வெறும் பெயர்களாக வாசித்தால் ஒன்றும் இல்லை. 2 இராஜாக்கள் 16 முதல் 23 வரை பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாசித்தால் தலை சுற்றும். தன் பிள்ளையையே தீக்கடக்கப்பண்ணினவன் ஆகாஸ். அவன் மகன் எசேக்கியா கர்த்தரை முழுமையாக நம்பியவன். அந்த நல்ல தகப்பனுக்கு மனாசே, 55 வருஷம் ஆண்டு, தாத்தா ஆகாஸ் செய்ததையே திரும்பச் செய்தவன். அவன் மகன் ஆமோனும் அதே வழி. அவனுக்கு யோசியா, எட்டு வயதில் ராஜாவாகி, நியாயப்பிரமாண புஸ்தகம் வாசிக்கப்பட்டபோது தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டவன். கெட்ட தகப்பனுக்கு நல்ல மகன், நல்ல தகப்பனுக்குக் கெட்ட மகன், மறுபடியும் கெட்டவனுக்கு நல்லவன். எந்தச் சூத்திரத்திலும் இது அடங்காது. இதை வாசித்த அன்றுதான் என் மகனைப் பற்றிய பயம் ஒரு பக்கம் குறைந்தது, இன்னொரு பக்கம் என் பக்தியே அவனைக் காப்பாற்றிவிடும் என்ற எண்ணமும் போனது. எசேக்கியாவைவிட நல்ல தகப்பனாக நான் இருந்துவிடப் போவதில்லை. அவனுக்காக ஜெபிப்பதற்கு அதற்குப் பிறகுதான் உண்மையான காரணம் கிடைத்தது. மனாசேகூட 2 நாளாகமம் 33-இன்படி பாபிலோனில் சங்கிலியில் கிடந்தபோது தன்னைத் தாழ்த்தி ஜெபித்தான், கேட்கப்பட்டான்.

இந்தப் பட்டியலில் நேரடியாகவே சாபம் பெற்ற ஒருவன் இருக்கிறான், அவனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எகொனியா, யோயாக்கீன் என்றும் கோனியா என்றும் வருகிறவன். எரேமியா 22-ஐப் பாருங்கள். நீ என் வலதுகையின் முத்திரை மோதிரமாய் இருந்தாலும் உன்னைக் கழற்றி எறிவேன் என்று கர்த்தர் அவனிடம் சொல்கிறார். சந்ததி இல்லாதவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காரமாட்டான் என்றும் வருகிறது. தீர்க்கதரிசியின் வாயிலிருந்து, பெயர் சொல்லி. இதைவிடக் கடினமான வம்சச் சாபம் வேதத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு சிறையிருப்பு. திரும்பி வந்தவர்களின் தலைவனாக இருந்தது செருபாபேல், எகொனியாவின் பேரன். கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி அந்தப் பேரனிடம் சொன்னது ஆகாய் 2:23-இல் இருக்கிறது: உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன், நான் உன்னைத் தெரிந்துகொண்டேன். தாத்தாவிடம் கழற்றி எறியப்பட்ட அதே மோதிரம்! தேவன் தாம் சொன்ன கடுமையான வார்த்தையை மறந்து பேசவில்லை. அதே படத்தை எடுத்துத்தான் பேரனிடம் பேசுகிறார். மத்தேயு இருவரையும் அடுத்தடுத்து, நடுவில் சலாத்தியேலை வைத்து, கிறிஸ்துவின் வம்சத்தில் எழுதுகிறார். உங்கள் வம்சத்தில் சாபம் என்று யாராவது சொன்னால் எரேமியா 22-ஐயும் ஆகாய் 2-ஐயும் ஒன்றாக வைத்து வாசியுங்கள், நான் அதற்குமேல் விவாதம் செய்வதில்லை. கலாத்தியர் 3:13 இதற்கு முடிவான பதில், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்று. ஆனால் மோதிரத்தைப் பார்த்துவிட்டு அந்த வசனத்துக்குப் போனால் அது நமக்குள் இறங்கும் விதமே வேறு.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல பரம்பரையில் வந்தவர்களுக்கு. எங்கள் குழுவில் நாலாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், முன்னோர்களில் போதகர்களும் உண்டு. அவர்களிடம் மரியாதையோடு நான் வாசித்துக் காட்டுவது யோவான்ஸ்நானன் சொன்னதை: "ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று உங்களுக்குள்ளே சொல்லிக்கொள்ள நினையாதிருங்கள்; தேவன் இந்தக் கல்லுகளினாலே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ண வல்லவராயிருக்கிறார்." பவுலும் பிலிப்பியர் 3-இல் தன் பரம்பரையை வரிசையாகச் சொல்லிவிட்டு, பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன் என்றெல்லாம், கிறிஸ்துவுக்காக அதைக் குப்பையாக எண்ணுவதாக எழுதுகிறார். அதே பவுல்தான் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நன்றியோடு நினைக்கிறார். ஆக, முன்னோரின் விசுவாசம் ஒன்றுமில்லை என்று வேதம் சொல்லவில்லை. அது நன்றி சொல்ல வேண்டிய காரியம், காட்டி உள்ளே நுழைகிற அனுமதிச் சீட்டு இல்லை.

இப்போது நடைமுறை. குற்றம் வேறு, விளைவு வேறு என்பதை நான் எனக்குள் தெளிவாகப் பிரித்துக்கொண்டேன். அப்பாவின் குடிக்கு நான் குற்றவாளி இல்லை, தேவன் அதை என் கணக்கில் எழுதவில்லை. ஆனால் குடிப்பழக்கத்துக்கு ஆளாகும் சாத்தியம் குடும்ப வழியாக வரக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை, குடித்த வீட்டில் வளர்ந்த மனக்காயமும் உண்மை. கிருபை கிடைத்தது என்பதற்காக அவற்றைப் பார்க்காமல் இருந்துவிட முடியாது. நான் மதுவைத் தொடுவதில்லை. டாக்டர் கேட்டால் குடும்ப வரலாற்றை மறைக்காமல் சொல்கிறேன். மனநல ஆலோசகரிடம் போனேன், அது என் விசுவாசத்தைக் குறைக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது குடியிலோ மனச்சோர்விலோ இப்போது சிக்கியிருந்தால், கட்டு உடையட்டும் என்று காத்திருக்காதீர்கள், சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள், ஜெபமும் செய்யுங்கள். 1 பேதுரு 1:18-இல் "முன்னோர்களால் பாரம்பரியமாய்" வந்த வீணான நடத்தையிலிருந்து மீட்கப்பட்டோம் என்று இருக்கிறது. நடத்தை என்றுதான் இருக்கிறது. அது கற்றுக்கொண்டது, வேறொன்றையும் கற்றுக்கொள்ள முடியும்.

முன்னோரின் பாவத்தை அறிக்கையிட வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள், நெகேமியா 1-ஐயும் தானியேல் 9-ஐயும் காட்டி. தாராளமாகச் செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் அவர்கள் இருவரும் எப்படி ஜெபித்தார்கள் என்று கவனியுங்கள். நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம் என்று நெகேமியா சொல்கிறார். அவர் வீட்டாரோடு சேர்ந்து நிற்கிறார். அவர்களிடமிருந்து தன்னைக் கத்தரித்துக்கொண்டு ஓடுவதற்காகச் செய்த ஜெபமாக அது இல்லை.

நான் எடுத்த இன்னொரு முயற்சி, மத்தேயு எழுதியதுபோல என் குடும்பத்தின் பட்டியலை எழுதியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றிரண்டு வரி, உண்மையான வரி. பெண்களின் பெயர்களையும் தேடிக் கேட்டு எழுதினேன், என் பூட்டியின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது பெரிய வலி. அம்மாவிடமும் அத்தையிடமும் உட்கார்ந்து கேட்டதில், குடிகாரர் என்று மட்டும் நான் அறிந்திருந்த தாத்தா, ஊர் ஒதுக்கிய ஒரு விதவையின் பிள்ளைகளைத் தன் செலவில் படிக்கவைத்தார் என்று தெரிந்தது. எழுதும்போது கெட்டதை விடாதீர்கள், நல்லதையும் விடாதீர்கள். யாராவது இன்னும் உயிரோடு இருந்து அவர்களுக்கு அது அவமானமாகும் என்றால் அந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டாம்.

மகனிடம் அவன் வயதுக்குத் தக்கபடி சொன்னேன். "தாத்தாவுக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது, அவர் எங்களைக் காயப்படுத்தினார், எங்களை நேசிக்கவும் செய்தார்" என்று. பிறகு பெரியவனானதும் முழுவதையும். "தாத்தா மாதிரியே" என்ற வார்த்தையை அவன் முன்னால் சொல்ல வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் நேராகக் கேட்டுக்கொண்டேன். சிலர் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் அவன் காதுபடக் கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிட்டு அவனுக்குப் பார்வை கொடுக்கிறார். ஒரு பிள்ளையின் காதுபட என்ன பேசுகிறோம் என்பதை நான் அந்த இடத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. குழுவில் இந்தப் பட்டியல் எழுதும் யோசனையைச் சொன்னபோது, பெற்றோர் யாரென்றே தெரியாமல் விடுதியில் வளர்ந்த ஒருவர், "எனக்கு எழுத ஒரு பெயரும் இல்லையே" என்றார். அவரிடம் மத்தேயுவின் பட்டியலைக் கடைசி வரியிலிருந்து பார்க்கச் சொன்னேன். 39 முறை "பெற்றான்" என்று ஓடி வந்த வரிசை இயேசுவிடம் வரும்போது மாறுகிறது, யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று எழுதவில்லை. மரியாளின் புருஷனாகிய யோசேப்பு என்று நின்றுவிடுகிறது. அந்த அதிகாரத்தின் முடிவில் யோசேப்பு பிள்ளைக்குப் பெயரிடுகிறார், தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார், அப்படித்தான் இயேசு தாவீதின் வம்சத்தில் எண்ணப்படுகிறார். ரோமர் 8:15 சொல்லும் புத்திரசுவிகாரமும், அதாவது பிள்ளையாகத் தத்தெடுக்கப்படுவதும், யோவான் 1:13-இன் "தேவனாலே பிறந்தவர்கள்" என்பதும் அவருக்கு அன்று வேறுவிதமாகக் கேட்டன. தன்னை வளர்த்தவர்களின் பெயர்களை, சமையல் செய்த அம்மா உட்பட, அவர் எழுத ஆரம்பித்திருக்கிறார். உங்களுக்கும் அவர் நிலைமை என்றால் ஆபிரகாமில் தொடங்க வேண்டாம், மத்தேயு 1:18-இல் தொடங்கி அதிகாரத்தின் முடிவுவரை வாசித்துவிட்டு, அங்கிருந்து மேலே போங்கள்.